தனிமையைச் செவிமடுத்த வைத்தியர்

மனநோய் வைத்தியம் பற்றிப் பேச்செடுத்தால் பிராய்ட், யுங், அட்லர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அனைத்தும் ஆண்களின் பெயர்கள். அதே காலத்தில் அதே ஜேர்மன் மொழி பேசிய நாடுகளில் படித்து, அவர்களில் பலர் கைவைக்கத் தயங்கிய நோயாளரை ஏற்று வைத்தியம் செய்த ஒரு பெண்மணியின் பெயர் எமது மாணவியருக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் பெயர் பிரீடா பிரொம் ரைக்மன். உயரம் மிகக் குறைந்தவர். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து எதிரிலிருப்பவர் பேசுவதைக் கேட்பதையே தமது தொழிலாகக் கொண்டவர். கடைசிக் காலத்தில் அந்தச் செவிகளே அவரைக் கைவிட்டன. அதற்குப் பிறகு வருவோம்.

பிரீடா 1889ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆம் திகதி தென் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று பெண் பிள்ளைகளில் மூத்தவர். ஆண் பிள்ளை இல்லாத வீடு. குடும்பம் பின்னர் நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்த கோனிக்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. தத்துவஞானி கான்ட் வாழ்ந்த ஊர் அது. இன்று ரஷ்யாவுக்குச் சொந்தமாகி, கலினின்கிராட் என்று பெயரும் மாறிவிட்டது.

தகப்பனாருக்குக் காது மந்தம். அவருடைய முகத்தைப் பார்த்து, அவருக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று ஊகித்துப் பேசவேண்டிய வீட்டில் மூத்த மகளாக வளர்ந்ததும் பிற்காலத் தொழிலுக்கு ஒரு பயிற்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லைவிட முகமும் கையும் கூடுதலாகப் பேசும் என்பதை அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவேண்டியிருக்கவில்லை.

தாயார் கிளாரா ஆசிரியையாகப் பயிற்றப்பட்டவர். அக்காலப் பிரஷிய இராச்சியத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் இருந்தன. ஆனால் அவை பல்கலைக்கழகத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவதில்லை. ஆண் பிள்ளைகளுக்குரிய பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குப் பெண்களை ஆயத்தம் செய்யும் பாடசாலை ஊரில் இல்லை என்று கண்ட தாயார், மகளும் அவள் வயதையொத்த சில பெண்களும் அப்பரீட்சைக்குப் படிக்க வழிசெய்து கொடுத்தார். 1908இல் பிரஷியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி அனுமதிக்கத் தொடங்கின. அதே ஆண்டில் பிரீடா கோனிக்ஸ்பர்க் மருத்துவ பீடத்தில் சேர்ந்தார். தாயார் முன்கூட்டியே ஆயத்தம் செய்யாதிருந்தால், கதவு திறந்த அன்று உள்ளே போக அவரிடம் சான்றிதழ் இருந்திராது. இக்கட்டுரையைப் படிக்கும் தாய்மார் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம். இதே பெண் பிற்காலத்தில் தாய்மாரைப் பற்றி எழுதிய ஒரு சொல் பெரும் துயரத்துக்குக் காரணமாகியது என்பதால் அப்படிச் சொல்கிறேன்.

வைத்தியப் பட்டம் பெற்ற சில காலத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. தலையில் குண்டடிபட்டு, மூளை சேதமுற்ற படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கென்று கோனிக்ஸ்பர்க்கில் அமைந்த வைத்திய நிலையத்தை நடத்தும் பொறுப்பு இளம் பெண்ணான பிரீடாவின் தலையில் விழுந்தது. இராணுவத்தில் பெண்ணுக்குப் பதவி கிடையாது. ஆகவே கடதாசியில் அவர் அந்த நிலையத்தின் தலைவர் அல்லர், வேலையில் தலைவர்.

அந்தப் படைவீரர்களிடமிருந்தும், பின்னர் தாம் இணைந்து பணியாற்றிய நரம்பியல் வைத்தியர் கூர்ட் கோல்ட்ஸ்டைனிடமிருந்தும் அவர் கற்றது ஒன்று உண்டு. மூளை அடிபட்ட ஒருவரிடம், முன்பு சர்வசாதாரணமாகச் செய்த ஒரு சிறு வேலையைச் செய்யச் சொன்னால், தன்னால் முடியவில்லை என்று அவர் உணரும் கணத்தில் நிலைகுலைந்து போவார். வியர்க்கும், கோபம் வரும், அழுவார், எழுந்து ஓடுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பைத்தியக்காரத்தனம். உள்ளேயிருந்து பார்த்தால், சிதறிப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அந்த மனிதர் எடுக்கும் முயற்சி. அலுமாரியை ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கும் நோயாளி அதனால்தான் அடுக்குகிறார். நோயாளியின் விசித்திரமான செயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், அது அநேகமாகப் பயமாக இருக்கும் என்ற எண்ணம் பிரீடாவிடம் அப்போது வேரூன்றியது. சாகும்வரை அதை அவர் விடவில்லை.

போருக்குப் பின் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு சுகநிலையத்தில் பணி. பிராய்டின் உளப்பகுப்பாய்வு முறையைக் கற்றதும் அக்காலத்தில்தான். 1924இல் ஹைடெல்பர்க்கில் தமது சொந்த நிலையத்தைத் தொடங்கினார். யூத சமய அனுட்டானமும் உளவியல் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடந்த விநோதமான இடம் அது. வைத்தியர்களும் நோயாளரும் ஒன்றாக உண்பர், ஒன்றாகப் படிப்பர். பணமில்லாதவரும் வருவர். அந்த வட்டத்தில் வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் எரிக் பிரொம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே எரிக் பிரொம்தான். பிரீடாவைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். முதலில் அவரிடம் சிகிச்சை பெற்றவர், பின்னர் அவர் கணவரானார். 1926இல் திருமணம். வைத்தியரும் சிகிச்சை பெறுபவரும் மணமுடிப்பதை இன்றைய தொழில் ஒழுக்கம் அனுமதிக்காது. அன்றும் அது சரியென்று சொல்லிவிட முடியாது. நிலையம் 1928இல் மூடப்பட்டது. இருவரும் சமய அனுட்டானத்திலிருந்து விலகினர். சில ஆண்டுகளில் இல்லறமும் பிரிந்தது. ஆனால் நட்பு பிரியவில்லை. அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே கடைசிவரை எழுதினார் பிரீடா.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வைத்தியர்களுக்கு அங்கே இனி வாழ்வில்லை என்பது சிலருக்கு உடனே புரிந்தது, பலருக்குக் காலம் கடந்தே புரிந்தது. பிரீடா முதல் வகை. எல்லை தாண்டிப் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கிருந்து பலஸ்தீனம். 1935இல் அமெரிக்கா. அப்போது அவருக்கு 45 வயது. ஊரில்லை, குடும்பமில்லை. தமது தொழிலுக்கு முழுமூச்சாய் வேண்டிய ஒரே கருவி மொழி. அதுவும் புதிது.

வாஷிங்டன் நகருக்கு அருகே ரொக்வில் என்ற சிற்றூரில் செஸ்நட் லொட்ஜ் என்ற தனியார் மனநோய் வைத்தியசாலை இருந்தது. ஒரு காலத்தில் கோடைகால ஹோட்டலாக இருந்த கட்டடம். புல்லார்ட் என்ற வைத்தியக் குடும்பம் அதை வாங்கி 1910இலிருந்து வைத்தியசாலையாக நடத்தி வந்தது. கோடைகாலத்தில் ஒருவர் விடுமுறையில் போனபோது அந்த இடத்தை நிரப்பத் தற்காலிகமாக வந்தார் பிரீடா. வந்தவர் இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வைத்தியசாலை வளவுக்குள்ளேயே அவருக்கென்று ஒரு சிறிய வீடு கட்டிக் கொடுத்தார்கள். வாழ்வதும் அங்கே, நோயாளரைப் பார்ப்பதும் அங்கே.

அவர் அங்கே செய்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள அக்காலத்தின் ஏனைய வைத்தியத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ளவேண்டும். மனச்சிதைவு நோய் என்று இன்று நாம் சொல்லும் நோய்க்கு அன்று மருந்து கிடையாது. இல்லாத குரல்கள் கேட்கும், இல்லாத காட்சிகள் தெரியும், மாதக்கணக்கில் பேச்சின்றிச் சிலைபோல் இருப்பார்கள். அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்தனர். இன்சுலின் ஊசி ஏற்றி மயக்கத்தில் ஆழ்த்துவது ஒரு முறை. மின்னதிர்ச்சி இன்னொரு முறை. 1936இல் வாஷிங்டன் நகரிலேயே வோல்டர் பிரீமன் என்ற வைத்தியரும் ஜேம்ஸ் வொட்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் நோயாளியின் மண்டையில் துளையிட்டு மூளையின் முன்பகுதித் தொடர்புகளை வெட்டிவிடும் லொபொட்டமி முறையை அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்தனர். அதைக் கண்டுபிடித்த போர்த்துக்கேய வைத்தியர் மொனிஸுக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது. வெட்டப்பட்ட பலர் அமைதியானார்கள் என்பது உண்மை. அந்த அமைதி எத்தகையது என்று அவர்களுடைய வீட்டாரிடம்தான் கேட்கவேண்டும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் பிரீடா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவருடைய முறை என்று சொன்னால் மிகைப்படுத்தல் அல்ல.

பிராய்ட் மனச்சிதைவு நோயாளருக்குத் தமது முறை பலன் தராது என்று எண்ணியவர். அவர்களால் வைத்தியரோடு உறவு கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. பிரீடா அதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் அவருக்கு நண்பராக வாய்த்த ஹரி ஸ்டாக் சல்லிவன் என்ற வைத்தியரும் ஏற்கவில்லை. உறவு கொள்ளும் ஆசை அவர்களிடம் அற்றுப்போகவில்லை, அதைப்பற்றிய பயமே ஆசையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்று இவர்கள் கண்டனர். அப்படியானால் வைத்தியர் செய்யவேண்டியது முதலில் பயமுறுத்தாமல் இருப்பது. நோயாளி பேசவில்லையா, பேசாமலே இரு. நாளைக்கு வருவேன் என்று சொன்னால் நாளைக்கு வா. சொன்ன நேரத்துக்கு வா. அவர் சொல்வது விளங்கவில்லையென்றால் விளங்கவில்லை என்று ஒப்புக்கொள். விளங்கியதுபோல் நடிக்காதே, அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மாதக்கணக்கில் பதிலே இல்லாத ஒருவரிடம் தினமும் போய் உட்காருவது எத்தனை கடினம் என்பதை ஒரு தடவை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

அவர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டதும் உண்டு. ஆரம்பத்தில் இந்நோயாளர் கண்ணாடிப் பாத்திரம்போல் மிக எளிதில் உடைபவர்கள், ஆகவே அன்பால் பொத்திப் பொத்திப் பார்க்கவேண்டும் என்று எண்ணினார். அனுபவம் வேறு சொன்னது. குழந்தைபோல் நடத்தினால் அதுவும் ஒரு அவமதிப்பு. அவருக்குள் வளர்ந்த மனிதர் ஒருவர் இருக்கிறார், அவரோடு பேசு, உண்மையைச் சொல், மறுக்கவேண்டியதை மறு என்று பின்னாளில் எழுதினார். நோயாளிக்கு வேண்டியது மரியாதை, அதற்குப் பிறகுதான் அன்பு என்பது அவர் கணக்கு. 1950இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில், மனநோய் வைத்தியருக்கு அடிப்படையாக வேண்டியது காதுகொடுத்துக் கேட்கும் ஆற்றல் என்பதைத் தொடக்கத்திலேயே வைத்தார். அந்நூலை பிராய்ட், கோல்ட்ஸ்டைன், குரொடெக், சல்லிவன் என்ற தமது நான்கு ஆசிரியர்களுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார்.

1948இல் செஸ்நட் லொட்ஜுக்குப் பதினாறு வயது மாணவி ஒருத்தி வந்தாள். பெயர் ஜோஆன் கிரீன்பர்க். தனக்குள் ஒரு தனி இராச்சியத்தையே படைத்து, அதற்கென்று தேவதைகளும் மொழியும் வைத்துக்கொண்டு, வெளியுலகத்தைக் கைவிட்டவள். தன்னையே காயப்படுத்திக்கொள்பவள். பிரீடா அவளுக்கு வைத்தியர் ஆனார். மூன்று ஆண்டளவில் வைத்தியசாலையை விட்டு வெளியேறினாள். பல்கலைக்கழகம் போனாள், மணமுடித்தாள், பிள்ளைகளைப் பெற்றாள், எழுத்தாளரானாள். 1964இல், ரோஜாத் தோட்டம் தருவதாக நான் உனக்கு வாக்களிக்கவில்லை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் புனைபெயரில் எழுதிய நாவல் பல இலட்சம் பிரதிகள் விற்றது. 1977இல் திரைப்படமும் ஆனது. அதில் வரும் வைத்தியர் பிரீட் நமது பிரீடாதான். நாவலின் தலைப்பே அந்த வைத்தியர் பெண்ணுக்குச் சொல்வதிலிருந்து வந்தது. சுகமான பின் வாழ்க்கை இனிக்கும் என்று அவர் ஆசை காட்டவில்லை. உலகத்தில் அநீதி இருக்கும், வலி இருக்கும், அவற்றை எதிர்கொள்ள நீ சுதந்திரமாக இருப்பாய், அதற்குத்தான் நான் உதவமுடியும் என்பது அவர் நிலை. பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் எல்லாம் நன்மைக்கே என்று அவசரமாகச் சொல்லி வாயை அடைக்கும் நாம், இந்த மறுப்பின் நேர்மையை உடனே விரும்பமாட்டோம். அந்தப் பதினாறு வயதுப் பெண் அதைத்தான் நம்பினாள்.

ஜோஆனுக்கு இருந்தது மனச்சிதைவு நோய்தானா என்று பிற்கால வைத்தியர் சிலர் ஐயம் எழுப்பினர். அது அவர்களுடைய வாதம். சுகமானார் என்பதில் வாதமில்லை.

இனி அந்தத் துயரமான சொல்லுக்கு வருகிறேன். அதை மறைத்து ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதுவது சரியல்ல. 1948இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிள்ளைக்கு மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு தொடரை அவர் பயன்படுத்தினார். அக்கட்டுரையில் அது ஒரு சிறு இடம். ஆனால் தொடர் கட்டுரையை விட்டு வெளியே ஓடிவிட்டது. பல ஆண்டுகளாக அமெரிக்காவில் நோயுற்ற பிள்ளையோடு வைத்தியசாலைக்கு வந்த தாய்மார், உன் அன்பின்மையால்தான் இது வந்தது என்ற குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு திரும்பினார்கள். நோயின் சுமையோடு பழியின் சுமையும். பிற்கால ஆய்வுகள் பரம்பரைக்கும் மூளையின் இயல்புக்கும் இந்நோயில் பெரும் பங்குண்டு என்று காட்டின. தாய் நோயை உண்டாக்குகிறாள் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இன்று அந்தச் சொல்லை எவரும் பாவிப்பதில்லை. கண்ணெதிரே இருந்த ஒவ்வொரு நோயாளியின் நடத்தைக்கும் பயமே காரணமாயிருக்கலாம் என்று தேடிய அதே பெண்மணி, அறைக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருந்த தாயின் பயத்தைத் தேடிப் பார்க்கவில்லை. அவருக்கு வழிசெய்து கொடுத்ததும் ஒரு தாய்தான் என்பதை எண்ணும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய முறையின் எல்லையும் பின்னர் தெரியவந்தது. 1954இல் முதல் மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1984இல் செஸ்நட் லொட்ஜின் பழைய நோயாளரைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, மனச்சிதைவு நோயாளரில் பெரும்பாலோர் எதிர்பார்த்த அளவு தேறவில்லை என்று கண்டனர். பேச்சு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்பது இன்று மருத்துவ உலகின் முடிவு. மருந்து மட்டும் போதுமா என்று கேட்டால் நோயாளரும் அவர்களின் குடும்பத்தாரும் தலையசைக்கமாட்டார்கள்.

1955இல் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வளவில் புதிதாக அமைந்திருந்த ஓர் ஆய்வு மையத்துக்கு ஓராண்டு காலம் அழைக்கப்பட்டார். நோயாளரின்றிச் சிந்திக்கவும் எழுதவும் அவருக்குக் கிடைத்த அபூர்வமான ஓய்வு. அப்போது அவருக்குச் செவி மிகவும் மந்தமாகியிருந்தது. தகப்பனாருக்கு வந்தது மகளுக்கும் வந்தது. பிறர் சொல்வதைக் கேட்டே வாழ்ந்தவர் சபையில் பேச்சு புரியாமல் இருக்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருள் தனிமை.

மனநோய் வைத்தியர்கள் தனிமையைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று அவர் கேட்டார். பயத்தைப் பற்றி எழுதுகிறார்கள், கோபத்தைப் பற்றி எழுதுகிறார்கள், துக்கத்தைப் பற்றி எழுதுகிறார்கள். தனிமையைப் பற்றி ஏதும் இல்லை. தனிமையில் இருப்பவர் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார். கேட்பவருக்கோ தம் தனிமை நினைவுக்கு வந்துவிடும் என்ற அச்சம். ஆகவே இருவருமாகச் சேர்ந்து அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள்.

எல்லாத் தனிமையும் ஒன்றல்ல என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். எழுதுபவருக்கும் சிந்திப்பவருக்கும் வேண்டியிருக்கும் தனிமை ஒன்று. வீட்டார் எல்லோரும் உல்லாசமாக வெளியே போயிருக்க, தடிமனோடு படுக்கையில் கிடப்பவரின் தனிமை ஒன்று. நெருங்கியவரை இழந்தவரின் தனிமை ஒன்று. இவையெல்லாம் வலித்தாலும், மனிதர்கள் இருந்தார்கள், மீண்டும் இருப்பார்கள் என்ற நினைவு உள்ளே அணையாமல் இருக்கும். அவர் எழுத முயன்றது வேறொன்றை. தன் வாழ்வில் மனிதர்கள் இருந்ததே மறந்துபோய், இனி வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் செத்துப்போன நிலை. அந்நிலையில் இருப்பவரால் அதைச் சொல்லவும் முடியாது. மீண்டவரோ அதை நினைக்கவும் விரும்பமாட்டார். 1934இல் அன்டார்டிக்காவின் குளிர்கால இருளில் மாதக்கணக்கில் ஒற்றையாய் ஒரு குடிலில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி பேர்டின் அனுபவத்தையும் அவர் எடுத்துப் பேசினார். அடுப்புப் புகையின் நஞ்சால் பேர்ட் சாகும் நிலைக்கு வந்தபோதும், வானொலியில் தன் தோழர்களிடம் தனக்கு ஒன்றுமில்லை என்றே காட்டிக்கொண்டார்.

அக்கட்டுரையில் அவர் சொல்லும் ஒரு நோயாளியைப் படித்த பின் மறக்க இயலாது. பேச்சை விட்டுவிட்ட ஓர் இளம்பெண். பிரீடா அவளிடம் அவளுடைய துயரத்தைப் பற்றிக் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கினாள். நான்கு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடித்துப் பெருவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினாள். நான்கும் மறைந்திருக்க ஒன்று மட்டும் ஒற்றையாய் நின்றது. பிரீடா திகைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, அழவுமில்லை. பரிவான குரலில், அவ்வளவு தனிமையா என்று மட்டும் கேட்டார். அவள் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. மடிந்திருந்த விரல்கள் மெல்ல விரிந்தன. அதன்பின் தன்னைப் பற்றி விரல்களாலேயே சொல்லத் தொடங்கினாள்.

எங்கள் ஊர்களில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால் பார்க்கப் போகாமல் இருக்கமாட்டோம். தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே போவோம். நோயாளியை நலம் விசாரிப்பது எமக்குக் கடமை. மனம் உடைந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டவரின் வீட்டுக்கு அப்படிப் போகிறோமா? போனாலும் என்ன பேசுவது என்று தெரியாமல், யோசிக்காதே, எழுந்து நாலு பேரோடு பழகு என்று புத்தி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தப் பெண் பிரீடாவிடம் கேட்டது புத்தியல்ல. கண்டுகொண்டேன் என்ற ஒரு குறிப்பு மாத்திரமே. அந்தக் குறிப்பைக் கொடுக்க வைத்தியப் பட்டம் வேண்டுமா என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதேவேளை, அந்த நிலைக்குப் போனவரை வைத்தியரிடம் அழைத்துப்போவதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

அதே காலத்தில், 1956இல், பிரிந்துபோன கணவர் எரிக் பிரொம் அன்பு என்ற கலையைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மனிதன் தனித்துப் பிரிந்திருப்பதே அவனுடைய துயரங்களின் ஊற்று என்பது அந்நூலின் தொடக்கம். ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்த இருவர், வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே காயத்தைத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தனர். அவருடைய நூல் கோடிக்கணக்கானோர் கையில் போனது. இவருடைய கட்டுரை முடியாமலே கிடந்தது.

கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய பின்னரும் நோயாளரைப் பார்த்தார். ஜோஆனும் அவரும் சேர்ந்து அந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் எழுதும் யோசனையும் இருந்தது. அது நடக்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி, வைத்தியசாலை வளவிலிருந்த அந்தச் சிறு வீட்டில் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 67. அருகில் எவரும் இல்லை.

தனிமையைப் பற்றிய கட்டுரையை அவருடைய தாள்களுக்குள்ளிருந்து எடுத்துத் தொகுத்து 1959இல் ஒரு மனநோய் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். தனிமையை ஆராயும் இன்றைய ஆய்வாளர்கள் தங்கள் துறையின் தொடக்கத்தைச் சொல்லும்போது அந்தக் கட்டுரையையே முதலில் குறிப்பிடுகிறார்கள். செஸ்நட் லொட்ஜ் 2001இல் மூடப்பட்டது. 2009இல் அதன் பெரிய கட்டடம் தீப்பிடித்து எரிந்து போனது. அந்தத் தீயில் தப்பிய பிரீடாவின் சிறு வீட்டை ரொக்வில் மக்கள் வரலாற்றுச் சின்னமாகப் பேணி வருகிறார்கள்.